புதிய ரக்பி லீக் கிளப்: ஆதரவாளர்களைச் சேர்க்க முதல் பணத்தை எதில் போடுவது?

1996 மார்ச் 29 அன்று பாரிஸ் நகரின் ஷார்லெத்தி மைதானத்தில் 17,873 பேர் கூடியிருந்தார்கள். ரக்பி லீக் ஆட்டத்தின் ஐரோப்பிய முதல்நிலைத் தொடரான சூப்பர் லீக் அந்த ஆட்டத்தோடுதான் தொடங்கியது. பாரி சான் ஜெர்மேன் என்ற கால்பந்துக் கிளப்பின் பெயரைச் சூட்டி அவசர அவசரமாகக் கூட்டிச் சேர்த்த ஓர் அணி, ஷெஃபீல்ட் ஈகிள்ஸை அன்று வென்றது. அடுத்த ஆண்டு சீசன் முடிந்ததும் அந்த அணி மூடப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 2006 பிப்ரவரியில், பிரான்ஸின் தென்கோடியில் ஸ்பெயின் எல்லையை ஒட்டியிருக்கும் பெர்பின்யானில் கட்டலான்ஸ் டிராகன்ஸ் அணி அதே சூப்பர் லீக்கில் காலடி வைத்தது. முதல் ஆண்டில் அதற்குக் கிடைத்தது பட்டியலின் கடைசி இடம். ஆனாலும் அது நிலைத்தது. 2018-இல் சேலஞ்ச் கோப்பையை வென்று, இங்கிலாந்துக்கு வெளியிலிருந்து அக்கோப்பையைக் கைப்பற்றிய முதல் அணி என்ற பெயரையும் பெற்றது.

தலைநகரும் பெரிய பெயரும் முதல்நாள் கூட்டமும் வாய்த்த அணி இரண்டே ஆண்டில் கரைந்துபோனதும், சிறு நகரமும் கடைசி இடமும் வாய்த்த அணி இருபது ஆண்டுகளாக ஆடிக்கொண்டிருப்பதும், புதிய ரக்பி லீக் கிளப் ஒன்றைத் தொடங்க நினைக்கும் எந்த நிர்வாகக் குழுவும் முதலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய செய்திகள். குழுவின் கையில் இருக்கும் பணம் குறைவு. கால அவகாசம் அதைவிடக் குறைவு. நட்சத்திர வீரர்களை வாங்கலாம். விழாபோல் ஆட்டங்களை நடத்தலாம். ஏற்கெனவே மக்கள் மனத்தில் இருக்கும் ஒரு பெயரை எடுத்துக்கொள்ளலாம். நிலையான சொந்த மைதானத்தில் முதலீடு செய்யலாம். சிறுவர் அணிகளிலிருந்து தொடங்கலாம். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வோம் என்று குழுக்கள் முடிவெடுப்பது வழக்கம். அப்படிச் சமமாகப் பங்கிடுவதுதான் பெரும்பாலும் எதுவும் வேர் பிடிக்காமல் போவதற்குக் காரணம் என்பது என் எண்ணம். முதல் ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்ப்பது அத்தனை கடினமன்று. அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கும்போது ஐந்தாவது ஆட்டத்துக்கும் அதே ஆளைத் திரும்ப வரவைக்கும் செலவு எதுவோ, அதற்குத்தான் முதல் பணம் போக வேண்டும். மேற்சொன்ன வழிகளை இந்த ஒரே அளவுகோலைக் கொண்டே இங்கே ஒப்பிடுகிறேன்.

அதற்குமுன், இந்த ஆட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வட இங்கிலாந்துக் கிளப்கள், ஆட்டத்துக்காக வேலைநாள் கூலியை இழக்கும் சுரங்க, ஆலைத் தொழிலாளர்களுக்கு அந்த இழப்பை ஈடுகட்டும் உரிமையைக் கோரி, பழைய ரக்பி அமைப்பிலிருந்து பிரிந்தன. பிரிந்தவர்களின் ஆட்டம் ரக்பி லீக் ஆனது, பழையது ரக்பி யூனியன். 1908-இல் சிட்னியில் கிளப் போட்டிகள் தொடங்கின. வட இங்கிலாந்து, நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து, பப்புவா நியூ கினி, தென் பிரான்ஸின் சில பகுதிகள் ஆகியவற்றில் இந்த ஆட்டம் இரத்தத்தில் ஊறியது. அவற்றைத் தாண்டினால், ரக்பி யூனியனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையே பலர் அறியமாட்டார்கள். ஆகவே புதிய கிளப் என்பது இரண்டு வகைப்படும். ஆட்டத்தை அறிந்த ஊரில் பிறக்கும் கிளப்புக்கு, அங்குள்ளவர்கள் ஏற்கெனவே வேறோர் அணியை நேசிக்கிறார்கள் என்பது தடை. ஆட்டத்தை அறியாத ஊரில் பிறக்கும் கிளப்புக்கு, அங்குள்ளவர்களுக்கு ஆட்டமே புரியாது என்பது தடை. ஒன்றுக்கு ஏற்ற மருந்து மற்றதற்கு ஒத்துவராமல் போகலாம்.

வெற்றியை வாங்குதல்

வென்றால் கூட்டம் தானாக வரும் என்பவர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்வது மெல்போர்ன் ஸ்டார்மை. ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தைத் தவிர வேறெதையும் எளிதில் ஏற்காத நகரத்தில் 1998-இல் ஆஸ்திரேலியாவின் முதல்நிலைத் தொடரில் களமிறங்கிய அந்த அணி, இரண்டாவது சீசனிலேயே, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்துக்கொண்டிருந்த 1999 இறுதி ஆட்டத்தில் வென்று பட்டம் சூடியது. அதன்பின்னும் பல முறை வென்றது. இந்தக் கதையில் அடிக்கடி விடுபடும் ஒரு விவரம் உண்டு: 2013 வரை அந்த அணியின் உரிமையாளராக இருந்து இழப்புகளைத் தாங்கியது நியூஸ் லிமிடெட் என்ற பெரும் ஊடக நிறுவனம். பதினைந்து ஆண்டுகள் பொறுத்திருக்கும் பணப்பை எத்தனை புதிய கிளப்களுக்கு இருக்கும்? ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கு லீக் விதிக்கும் உச்சவரம்பை மீறியது வெளிப்பட்டதால் 2007, 2009 பட்டங்கள் 2010-இல் அந்த அணியிடமிருந்து பறிக்கப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வென்றுகொண்டே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அது சாட்சி.

டொராண்டோ உல்ஃப்பேக்கின் கதை இன்னும் தெளிவானது. 2017-இல் இங்கிலாந்தின் மூன்றாம் நிலைப் போட்டியில் நுழைந்து அதே ஆண்டு மேலேறிய அந்தக் கனடிய அணி, 2019-இல் சூப்பர் லீக்கில் இடம்பிடித்தது. நியூசிலாந்தின் நட்சத்திர வீரர் சோனி பில் வில்லியம்ஸை 2020-க்கு ஒப்பந்தம் செய்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. லாம்போர்ட் மைதானத்தில் கூட்டத்துக்கும் குறைவில்லை. பாராட்டப்பட வேண்டிய சாதனைதான். ஆனால் வீரர்கள் இங்கிலாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்தவர்கள். பணம் ஏறக்குறைய ஒரே மனிதரின் பணம். 2020-இல் பெருந்தொற்று வந்து பயணங்கள் நின்றபோது, சூப்பர் லீக்கில் ஓர் ஆட்டத்தைக்கூடச் சொந்த மைதானத்தில் ஆடாமலேயே அந்த ஆண்டு ஜூலையில் அணி விலகிக்கொண்டது. நவம்பரில் மீண்டும் சேர்க்கக் கேட்ட விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது. ரசிகர்கள் இருந்தார்கள், ஆனால் உரிமையாளரின் கை சுருங்கியபோது கிளப்பைத் தாங்கிப் பிடிக்க அவர்கள் கையில் எந்தப் பிடிமானமும் தரப்படவில்லை.

இதற்கு நேர் எதிராக டவுன்ஸ்வில்லின் நார்த் குயின்ஸ்லாந்து கௌபாய்ஸை வைத்துப் பாருங்கள். 1995-இல் தொடங்கிய அவர்கள் 1995, 1997, 2000 ஆகிய ஆண்டுகளில் கடைசி இடத்தில் முடித்தார்கள். முதல் பட்டத்துக்கு 2015 வரை, அதாவது இருபது ஆண்டுகள், காத்திருந்தார்கள். குயின்ஸ்லாந்து மாநிலத் தலைநகரான பிரிஸ்பேனிலிருந்து சுமார் 1,300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த வட பகுதியின் மக்களுக்கு, எப்போதும் தலைநகரின் நிழலிலேயே இருக்கிறோம் என்ற மனக்குறை இருந்தது. தோற்றாலும் தங்களுடையது என்று சொல்ல ஓர் அணி கிடைத்தது. 2015 இறுதியில் அவர்கள் 17–16 என்று கோல்டன் பாயிண்டில், அதாவது சமநிலைக்குப் பின் கூடுதல் நேரத்தில் முதலில் எடுக்கும் புள்ளியில், வென்றது அதே பிரிஸ்பேனின் பிராங்கோஸை என்பது, எவரும் திட்டமிட்டு எழுதியிருக்க முடியாத பொருத்தம்.

வெற்றியைத் திட்டமிட முடியாது என்பதே இந்த வழியின் அடிப்படைக் கோளாறு. ஒவ்வொரு வார இறுதியிலும் ஆடும் அணிகளில் பாதி தோற்கத்தான் வேண்டும். சம்பள உச்சவரம்பு இருக்கும் தொடரில் கூடுதல் பணத்தாலும் அந்தக் கணக்கை மாற்ற இயலாது. பெரிய பெயர் ஒன்று வேண்டும் என்றால், வீரரைவிடப் பயிற்சியாளருக்குச் செலவிடுவது மேல். 2023-இல் ஆஸ்திரேலியாவின் முதல்நிலைத் தொடரில் நுழைந்த டால்ஃபின்ஸ் அணி, பேர்போன வீரர்களை ஈர்க்க முடியாமல் தடுமாறினாலும், புகழ்பெற்ற வெய்ன் பென்னட்டைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டது. முட்டியில் அடிபட்டுச் சீசன் முழுவதும் வெளியே உட்கார வேண்டிய ஆபத்து பயிற்சியாளருக்கு இல்லை என்பதும் ஒரு சிறு லாபம்தான்.

விழாவும் இலவச டிக்கெட்டும்

இதைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. 1997-இல் அடிலெய்ட் ராம்ஸ் தன் முதல் உள்ளூர் ஆட்டத்தை அடிலெய்ட் ஓவலில் ஆடியபோது 27 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 1998 சீசனுக்குப் பின் அணி மூடப்பட்டது. பாரிஸில் நடந்ததும் அதுதான். புதுமையைப் பார்க்க வரும் கூட்டம், புதுமை தீர்ந்ததும் போய்விடும். டிக்கெட்டை இலவசமாகக் கொடுப்பது அதைவிட மோசம்: இருக்கைக்கு மதிப்பே இல்லை என்று கிளப்பே அறிவித்தது போலாகிவிடுகிறது, காசு கொடுத்துச் சீசன் டிக்கெட் வாங்கிய முதல் சில நூறு பேரை, அதாவது கிளப்பின் உண்மையான செல்வத்தை, ஏமாளிகளாக்கியும் விடுகிறது. குழந்தைகளுக்கு மட்டும் இலவசம் என்பது வேறு கதை. அங்கே கூட வரும் பெரியவர் காசு கொடுக்கிறார்.

யாருடைய பெயர்?

ஏற்கெனவே பழகிய பெயரை எடுத்துக்கொள்வது செலவு குறைந்த வழிபோலத் தோன்றும். ஆனால் எந்தப் பெயர் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 1980-இல் லண்டனில் ஃபுல்ஹாம் கால்பந்துக் கிளப் தன் பெயரில் ரக்பி லீக் அணி ஒன்றைத் தொடங்கியது; செப்டம்பர் 14 அன்று கிரேவன் காட்டேஜில் 9,554 பேர் பார்க்க, வட இங்கிலாந்தின் வலிமை மிக்க விகன் அணியை 24–5 என்று வென்று எல்லோரையும் திகைக்கவைத்தது. 1984-இல் கால்பந்துக் கிளப்பின் உரிமையாளர் கையை விரித்துவிட்டார், அணி வேறு கைகளில் தொடர்ந்தது. 1996-இல் பாரிஸ், கால்பந்துக் கிளப்பின் பெயரைக் கடன் வாங்கியது. 2006-இல் அதே லண்டன் அணி ரக்பி யூனியன் கிளப்பான ஹார்லெக்வின்ஸின் பெயரை ஏற்றுக்கொண்டு, 2011 முடிந்ததும் அதைக் கழற்றி வைத்தது. மூன்று முறையும் கணக்கு ஒன்றுதான்: அந்தப் பெயரை நேசிப்பவர்கள் இந்த ஆட்டத்தையும் நேசிப்பார்கள் என்ற நம்பிக்கை. மூன்று முறையும் அது பலிக்கவில்லை. கால்பந்து ரசிகருக்குத் தன் கிளப்மீது இருக்கும் பற்று, கால்பந்தோடு சேர்ந்த பற்று. அது பையிலிருக்கும் சில்லறையைப் போல வேறு கைக்கு மாற்றித் தரக்கூடியதன்று.

பெர்பின்யானுக்கு வேறொரு பெயர் கிடைத்தது. கட்டலான் என்பது ஒரு கிளப்பின் பெயரன்று. ஒரு மக்களின், ஒரு மொழியின் பெயர். அணியின் நிறமும் அவர்களுடைய கொடியின் சிவப்பும் மஞ்சளும். ஜான் காலியா 1934-இல் பிரான்ஸில் ரக்பி லீக்கைத் தொடங்கிய நாள்தொட்டு அந்த வட்டாரத்தில் இந்த ஆட்டம் ஆடப்பட்டு வந்திருந்தது. 1941-இல், நாஜி ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்ஸின் விஷி அரசு ரக்பி லீக்கைத் தடைசெய்து அதன் சொத்துகளைப் பறித்த வரலாறு தென் பிரான்ஸின் ரக்பி லீக் குடும்பங்களில் இன்னும் பேசப்படுகிறது. அதாவது, 2006-இல் புதிதாகத் தோன்றியது அணி மட்டுமே. அதன்மீது பொழியக் காத்திருந்த அன்புக்கும் ஆத்திரத்துக்கும் எழுபது வயது ஆகியிருந்தது. தொடக்கத்தில் சில ஆண்டுகள் கீழ்நிலைக்கு இறக்கப்பட மாட்டாது என்ற உத்தரவாதத்தை லீக் அதற்குத் தந்திருந்ததும் பெரிய உதவி. 2006-இல் கடைசியில் முடித்தும் அது தப்பியது, அதற்கு மேலே முடித்த காசில்ஃபோர்ட் இறங்க நேர்ந்தது. அது நியாயமா என்று காசில்ஃபோர்ட்காரர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

ஆட்டம் ஊறிய நகரத்தில் இந்தக் கேள்வி எப்படி மாறுகிறது என்பதற்குப் பிரிஸ்பேனைவிடச் சிறந்த பாடம் இல்லை. 1988-இல் பிராங்கோஸ், நடப்புச் சாம்பியனான மேன்லியை 44–10 என்று அடித்துக்கொண்டு தொடங்கியது. 1995-இல் அதே நகரத்தின் இரண்டாவது அணியாக சவுத் குயின்ஸ்லாந்து கிரஷர்ஸ், லாங் பார்க்கைச் சொந்த மைதானமாகக் கொண்டு வந்தது. அதற்கு வரலாறும் இல்லை, வட்டாரமும் இல்லை. பிராங்கோஸைப் பிடிக்காதவர்களின் அணியாகத் தன்னை நிறுத்திக்கொள்வதைத் தவிர அது சொல்லக்கூடியது அதிகமில்லை. 1996-இலும் 1997-இலும் கடைசி இடம். அதோடு கதை முடிந்தது. ஆஸ்திரேலியாவில் சூப்பர் லீக் போர் என்று அழைக்கப்பட்ட அந்த ஆண்டுகளின் ஒளிபரப்பு உரிமைச் சண்டை அதன் முடிவை விரைவுபடுத்தியது உண்மைதான். ஆனால் அதே சண்டையில் சிக்கிய கௌபாய்ஸ் பிழைத்தார்கள் என்பதும் உண்மை. 2023-இல் அதே நகரம், அதே லாங் பார்க், மீண்டும் ஓர் இரண்டாவது அணி. இம்முறை வந்தது 1947 முதல் பிரிஸ்பேனை அடுத்த ரெட்கிளிஃபில் இயங்கிவரும் டால்ஃபின்ஸ். அதற்குச் சொந்தமாக நிலமும் கிளப் கட்டடமும் சிறு மைதானமும் இருந்தன. அதன் சிவப்புச் சட்டையைத் தாத்தா காலத்திலிருந்து போட்டுவரும் குடும்பங்கள் இருந்தன. ஊர்ப்பெயரை மட்டும் விட்டுவிட்டு வெறும் டால்ஃபின்ஸ் என்ற பெயரோடு இறங்கியது சரியா என்று அப்போது பலர் கேட்டார்கள். வட்டாரத்துக்கு வெளியே இருப்பவரும் வெட்கமில்லாமல் சேர்ந்துகொள்ள அது இடம் கொடுத்தது என்பதால் எனக்கு அது சரியாகவே படுகிறது. முதல் ஆட்டத்தில் சிட்னி ரூஸ்டர்ஸை 28–18 என்று வென்றார்கள், சீசனைப் பதினேழு அணிகளில் பதின்மூன்றாவதாக முடித்தார்கள், கூட்டம் குலையவில்லை.

அதே இருக்கை, அதே பக்கத்து வீட்டுக்காரர்

முன்பு சொன்ன லண்டன் அணியின் முகவரிகளைப் பாருங்கள்: கிரேவன் காட்டேஜ், கிரிஸ்டல் பேலஸ், சிஸ்விக், பார்னெட், சார்ல்டனின் தி வேலி, பிரென்ட்ஃபோர்ட், ட்விக்கன்ஹாமின் தி ஸ்டூப், ஈலிங், விம்பிள்டனின் ப்ளவ் லேன். நாற்பது ஆண்டுகளில் அந்த மாநகரத்தின் நான்கு மூலைகளையும் அது சுற்றிவிட்டது. ஒவ்வோர் இடமாற்றத்துக்கும் அன்றைய கணக்குப் புத்தகத்தில் நியாயம் இருந்திருக்கும்: வாடகை குறைவு, புல்தரை நன்று, பங்காளி கிடைத்தார். ஆனால் லண்டனில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போவது ஒரு பிற்பகலையே விழுங்கும் வேலை. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர் பின்தங்கிவிட்டார்கள். வேல்ஸில் கிரஸேடர்ஸ் அணி இதை இன்னும் வேகமாகச் செய்தது: 2009-இல் தெற்கே பிரிட்ஜென்டிலிருந்து சூப்பர் லீக்கில் நுழைந்து, அடுத்த ஆண்டே வடக்கே ரெக்ஸமுக்குப் பெயர்ந்து, 2011 முடிவில் மறைந்தது.

மைதானம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது, ஆட்டம் தெரியாத ஒருவர் முதன்முறை வந்து உட்காரும் காட்சியைக் கற்பனை செய்து பார்த்தால் விளங்கும். பத்து வயது மகளோடு ஒரு தாய் வருகிறார். பந்தை வைத்திருப்பவரைப் பிடித்துக் கீழே தள்ளுகிறார்கள். அவர் எழுந்து பந்தைக் காலுக்கடியில் பின்னோக்கி உருட்டுகிறார். மறுபடி ஓட்டம், மறுபடி பிடி. ஐந்து முறை இப்படி நடந்ததும், அதுவரை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய பந்தைத் தானாகவே எதிரணியின் பக்கம் உதைத்துவிடுகிறார்கள். "எதுக்கும்மா அவங்களே தூக்கிக் குடுக்கிறாங்க?" என்று மகள் கேட்கிறாள்; தாய்க்குப் பதில் தெரியவில்லை. முன்வரிசைப் பெரியவர் திரும்பி, ஆறாவது முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குத்தான் போகும், அதனால்தான் அதற்குமுன் முடிந்தவரை தூரத்தில் அவர்களை ஒதுக்கிவிடுகிறார்கள் என்று சொல்லித் தருகிறார். அடுத்த முறை ஐந்தாவது பிடி விழுந்ததும், "இப்போ உதைப்பாங்க பாரு" என்று அந்தச் சிறுமியே சொல்கிறாள். இந்த ஆட்டத்துக்கு ஒரு ரசிகை பிறந்தது அந்த நொடியில்தான். இரண்டு வாரம் கழித்து அவர்கள் வரும்போது அதே வரிசையில் அதே பெரியவர் இருக்க வேண்டும். மைதானமும் இருக்கையும் ஆட்ட நேரமும் மாறிக்கொண்டே இருந்தால், அவர் இருக்கமாட்டார். விளம்பரச் செலவால் வாங்க முடியாத இந்த ஆசிரியரை, நிலையான இருக்கை இலவசமாகத் தருகிறது.

ஆனால் பெரிய மைதானம் வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. முப்பதாயிரம் பேர் அமரக்கூடிய இடத்தில் நான்காயிரம் பேர் சிதறி உட்கார்ந்திருந்தால், அந்த நான்காயிரம் பேருக்கும் தாங்கள் தோற்ற கட்சியில் இருப்பதாகத் தோன்றும். ஐயாயிரம் பேருக்கான இடத்தில் அதே நான்காயிரம் பேர் ஒரு கோட்டை. மைதானம் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. குயின்ஸ்லாந்தின் கடற்கரை நகரமான கோல்ட் கோஸ்டில் 1988 முதல் 1998 வரை பெயர் மாறி மாறி வந்த அணிகள் எதுவும் நிற்கவில்லை. 2007-இல் டைட்டன்ஸ் வந்து, 2008-இல் ராபினாவில் இருபத்தேழாயிரம் இருக்கைகளுக்கு மேல் கொண்ட புத்தம்புது மைதானத்துக்குக் குடியேறியும், 2015-இல் லீக் நிர்வாகமே அணியைக் கையிலெடுக்க நேர்ந்தது. பல ஊர்களிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள், பழைய ஊரின் அணியையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள் என்று அங்கே சொல்வதுண்டு.

சிறுவர் அணிகள்

இளையோரிடமிருந்து தொடங்கும் வழியைக் குழுக்கள் எல்லாம் புகழும். பணம் ஒதுக்கும்போது கடைசியில் வைக்கும். எட்டு வயதுச் சிறுவன் முதல் அணிக்கு ஆட இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும், அதுவரை கிளப் இருக்குமா என்பது அவர்களின் வாதம். வீரரை வளர்ப்பதைப் பற்றிய வாதமாக அது சரி. ஆதரவாளரைச் சேர்ப்பதைப் பற்றியதாக அது தவறு. பத்துச் சிறுவர் அணிகள், அணிக்குப் பதினைந்து பேர் என்றால் நூற்றைம்பது பிள்ளைகள். பெற்றோரையும் சேர்த்தால் நானூற்றைம்பது பேர். இடைவேளையில் பெரிய மைதானத்தில் பத்து நிமிடம் ஆட அந்தப் பிள்ளைகளுக்கு வாய்ப்புத் தந்தால், அவர்கள் அந்தச் சனிக்கிழமையே வருகிறார்கள், டிக்கெட் வாங்கிக்கொண்டு, பாட்டியையும் அழைத்துக்கொண்டு. பலன் பன்னிரண்டு ஆண்டு கழித்து வருவதன்று.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஆட்டம் அறியாத ஊர்களில் பெற்றோரின் முதல் அச்சம் தலையில் படும் அடி. ஆகையால் இடுப்பில் கட்டிய பட்டையைப் பறித்தாலே பிடித்ததாகக் கொள்ளும் டேக் வகை ஆட்டத்தில் தொடங்குவதுதான் அறிவு. ஆட்டம் அறிந்த ஊர்களிலோ சிறுவர் அணிகளை ஏற்கெனவே நடத்திவருபவர்கள் உள்ளூர்ச் சிறு கிளப்களின் தன்னார்வலர்கள்; அவர்களின் பிள்ளைகளைக் கவர்ந்து செல்ல வந்தவன் என்ற பெயர் புதிய கிளப்புக்கு ஏற்பட்டால், அதைத் துடைக்க ஒரு தலைமுறை ஆகும். பிராங்கோஸ் வந்தபின் பிரிஸ்பேனின் பழைய கிளப் போட்டிக்கு வந்த கூட்டம் வற்றிப்போனதை அந்நகரத்துப் பெரியவர்கள் இன்னும் குறையாகச் சொல்வார்கள். பிராங்கோஸ் வலிமையால் அதைத் தாங்கியது. சிறிய கிளப்பால் தாங்க முடியாது. சிறு கிளப்களின் சட்டையைப் போட்டு வருபவருக்கு நுழைவுக் கட்டணத்தில் சலுகை, அவர்களின் ஆட்ட நேரத்தோடு மோதாத அட்டவணை, மூத்த வீரர்கள் வாரம் ஒருநாள் அவர்களின் பயிற்சிக்குப் போவது ஆகிய மூன்றும் சேர்ந்தாலும் ஒரு நடுத்தர வெளிநாட்டு வீரரின் சம்பளத்தைத் தொடாது.

எதற்கு முதல் பணம்

ஆட்டம் அறியாத ஊரில் என்னிடம் முடிவு விடப்பட்டால், சிறிய மைதானம் ஒன்றைக் குறைந்தது ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்து, எல்லா உள்ளூர் ஆட்டங்களையும் ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் வைக்க லீக்கிடம் மன்றாடி, மீதியில் பாதியைப் பள்ளிகளுக்குச் செல்லும் முழுநேர ஊழியர் இருவருக்கு ஒதுக்குவேன். நட்சத்திர வீரர் பற்றிய பேச்சை மூன்றாம் ஆண்டு வரை தள்ளிப்போடுவேன். ஆட்டம் அறிந்த ஊரில் முதல் செலவு வேறு. அங்கே விதிகளைக் கற்பிக்க வேண்டியதில்லை. யாருடைய அணி என்ற கேள்விக்கு விடை வேண்டும். ஆகவே புதுப் பெயரைக் கற்பனை செய்யும் விளம்பர நிறுவனத்துக்குப் பணம் தராமல், நாற்பது ஐம்பது ஆண்டு பழைய உள்ளூர்க் கிளப் ஒன்றின் படியேறி, உங்கள் பெயரிலும் நிறத்திலும் நாங்கள் ஆடலாமா, நிர்வாகத்தில் உங்களுக்கு எத்தனை இடம் வேண்டும் என்று கேட்பதுதான் தொடக்கம். இரண்டு ஊர்களிலும் பொதுவான நிபந்தனை, கிளப்பின் பங்கில் ஒரு பகுதியாவது உறுப்பினர்களிடம் இருப்பது. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நைட்ஸை 2011-இல் உறுப்பினர்கள் வாக்களித்துத் தனி முதலாளி ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். 2014-இல் லீக் வந்து மீட்க வேண்டியதாயிற்று. அங்கே கூட்டம் இருந்தது, உரிமைதான் கைமாறிவிட்டிருந்தது.

இந்த ஒப்பீட்டுக்கு விரைவிலேயே இரண்டு புதிய சோதனைகள் வரவிருக்கின்றன. 2028-இல் ஆஸ்திரேலியாவின் முதல்நிலைத் தொடரில் நுழையும் பப்புவா நியூ கினி அணிக்கு ஆதரவைத் திரட்ட வேண்டிய அவசியமே இல்லை. ரக்பி லீக்கைத் தேசிய ஆட்டமாகக் கொண்ட நாடு அது. அங்கே சிக்கல் எல்லாம் வீரர்களைக் குடியேற்றுவதிலும் பயணத்திலும்தான், அந்த அணிக்கும் பசிபிக் பகுதியின் ரக்பி லீக் வளர்ச்சிக்குமாக ஆஸ்திரேலிய அரசு பத்தாண்டுகளில் 600 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியிருக்கிறது. 2027-இல் அதே தொடரில் தொடங்கும் பெர்த் பேர்ஸின் நிலை அப்படியன்று. 1999-உடன் முதல்நிலைப் போட்டியில் தன் பெயரில் ஆடுவதை நிறுத்திய சிட்னியின் நார்த் சிட்னி பேர்ஸ் கிளப்பின் பெயரும் கரடிச் சின்னமும், சுமார் 3,300 கிலோமீட்டர் தாண்டி, ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தில் மூழ்கிய நகரம் ஒன்றுக்குப் போகின்றன. இதே ஆட்டத்தின் பெயர் என்பதால் இது ஃபுல்ஹாமைப் போன்ற கடன் அன்று. இன்னொரு நகரத்தின் நினைவு என்பதால் ரெட்கிளிஃபைப் போன்ற சொத்தும் அன்று. அங்கே 1995 முதல் 1997 வரை ஆடிய வெஸ்டர்ன் ரெட்ஸ், வருகை தரும் அணிகளின் விமானச் செலவையும் தானே சுமந்து முறிந்துபோனது. இம்முறை மாநில அரசின் பணமும், பயிற்சியாளராக முன்னாள் நட்சத்திர வீரர் மால் மெனிங்காவும் இருக்கிறார்கள். முதல் ஆட்டத்தில் மைதானம் நிரம்பும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அந்த எண்ணிக்கையை நான் குறித்துக்கொள்ளப் போவதுமில்லை. பெர்த்தில் ஜூலை மாதம் மழைக்காலம். அந்த மழையில், நான்கைந்து தோல்விகளுக்குப் பிறகு வரும் ஓர் உள்ளூர் ஆட்டத்தில், சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் வாயிலைக் கடந்து உள்ளே வந்தார்கள் என்ற எண்ணைத்தான் தேடிப் பார்ப்பேன்.